நெஞ்சுக்கட்டை

சிதம்பரத்தில் நான் வேலை பார்த்த பட்டறை இப்போது செல்போனுக்குள் போய்விட்டது. கிட்டார் வேண்டுபவர் எந்த ஊரில் இருந்தாலும் மரம், நிறம், கம்பி எல்லாவற்றையும் திரையில் தொட்டுத் தொட்டுத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிடலாம். ஆளைப் பார்க்க வேண்டியதில்லை. செய்து முடித்ததும் கூரியரில் போய்விடும். போன மாதம் அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, "மாமா, இதுல வேற என்னா கேள்வி சேக்கலாம், சொல்லுங்க" என்றார்கள். பார்த்தேன். நன்றாகத்தான் செய்திருந்தார்கள். எதற்கெடுத்தாலும் நொட்டை சொல்கிற கிழவன் என்று பேர் வாங்க எனக்கு ஆசையில்லை, அதனால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் போன பிறகு சாதிக் பாய் ஞாபகம் வந்துவிட்டது. அது வந்தால் லேசில் போகாது. எழுதியாவது பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் திருவதிகைப் பக்கத்துக்காரன். விவசாயக் குடும்பம். இருந்த நிலம் அண்ணன்களுக்கே போதவில்லை என்பதால் பத்தாவது முடித்ததும் என்னைச் சிதம்பரத்தில் ஒரு வாத்தியப் பட்டறையில் கொண்டுபோய் விட்டார்கள். வீணை, தம்புரா பழுது பார்க்கும் இடம். மெல்லிசைக் குழுக்காரர்கள் உடைந்த கிட்டார்களைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தபின் அதையும் பிரித்துப் பார்த்து, ஒட்டி, கடைசியில் புதிதாகவே செய்து கொடுக்கும் அளவுக்கு வந்தோம். நான் தொழில் கற்ற வருடங்களைப் பற்றிச் சொல்ல உப்புத்தாளைத் தவிர வேறொன்றும் இல்லை. தேய்த்தேன், தேய்த்தேன், தேய்த்துக்கொண்டே இருந்தேன். அந்த மரத்தூள்தான் பிற்பாடு நெஞ்சில் இறங்கி இருமலாகி என்னை வீட்டில் உட்கார வைத்தது.

முதலாளி பெயர் கோதண்டம். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. வேலை சரியில்லை என்றால் விரல் முட்டியால் மரத்தில் ஒரு தட்டு தட்டுவார், காதைக் கொடுத்துக் கேட்பார், ஒரு வார்த்தை பேசாமல் டீ குடிக்கப் போய்விடுவார். அவர் திரும்பி வருவதற்குள் என்ன தப்பு என்று நாமே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். வாய்விட்டுத் திட்டுகிற முதலாளியே தேவலை என்று பலமுறை நினைத்திருக்கிறேன். கொடுமை என்னவென்றால், வேலை ரொம்ப நன்றாக அமைந்துவிட்டாலும் அதே தட்டு, அதே டீதான். எது எதற்கு என்று புரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது.

யாராவது வந்து, "எனக்குன்னு ஒரு கிட்டார் செஞ்சு குடுங்க" என்றால் அவர் மரத்தைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டார். வந்தவரை முக்காலியில் உட்கார வைத்து, கையோடு கொண்டுவந்த பழைய வாத்தியத்தை வாசிக்கச் சொல்வார். ஒயர் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது, வெறும் கம்பிச் சத்தம்தான். வாசிப்பவரின் விரல்களை அவர் பார்க்க மாட்டார், தோளைப் பார்ப்பார். எந்த இடத்தில் மூச்சை அடக்குகிறார், எந்தக் கம்பிக்குப் போகும்போது தோள் ஏறுகிறது என்று பார்ப்பார். பிறகு நிற்க வைத்து, கிட்டாரின் தோள்வாரை மாட்டச் சொல்லி அதே பாட்டு. அதற்கப்புறம்தான் அளவெடுக்க நூலை எடுப்பார். தொண்டைக்குழியிலிருந்து தொப்புள் வரை, கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை. நான் பக்கத்தில் நின்று நூலில் முடிச்சுப் போடுவேன். "மரம் பாதிதான்யா, ஆளு மீதி" என்பார். எல்லாம் முடிந்ததும், "பாக்கலாம். அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவிடுவார். அடுத்த வாரமும் வந்து அதையே கேட்கிறவருக்குத்தான் வேலை ஆரம்பமாகும். பாதிப் பேர் வர மாட்டார்கள்.

சாதிக் பாய் அப்படி ஒரு நாள் பகலில் வந்தார். கடலூர் முதுநகர்க்காரர். அங்கே ஒரு மெல்லிசைக் குழுவில் நெடுங்காலமாக பேஸ் கிட்டார் வாசிப்பவர். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, காதுகுத்து என்று கடலூர் மாவட்டத்தில் அவர் ஏறாத மேடை இல்லை. பேஸ் என்பது நான்கு தடித்த கம்பிகள் உள்ள வாத்தியம். ஜனங்கள் பாடகரைப் பார்ப்பார்கள், கீபோர்டைப் பார்ப்பார்கள், பேஸ்காரரை யாரும் பார்ப்பதில்லை. அது நின்றுபோனால்தான் பாட்டில் ஏதோ காணாமல் போயிற்றே என்று தோன்றும். கடல் காற்றில் தன் கிட்டாரின் கழுத்து வளைந்துவிட்டது, கையால் செய்த புது பேஸ் ஒன்று வேண்டும் என்றார். குள்ளமான ஆள், சிரித்த முகம். என்னைப் பார்த்த மாத்திரத்தில் மச்சான் ஆக்கிவிட்டார்.

முக்காலியில் உட்கார்ந்து வாசித்தார். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் சுதி சேர்க்கும்போது குனிந்து, கிட்டாரின் தலைப்பக்கத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு கம்பியைத் தட்டினார். இரைச்சலான மேடையில் சிலர் அப்படிச் செய்வதுண்டு. பல் வழியாகச் சத்தம் உள்ளே போய்விடும், வெளி இரைச்சல் தடுக்காது. ஆனால் அன்று கரண்ட் இல்லை, ஃபேன் கூட ஓடவில்லை. பட்டறையில் பல்லி கத்தினால் கேட்கும்.

கோதண்டம் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, "எதுக்கு பாய் பல்லால கடிக்கிறீங்க?" என்றார். பதில் இல்லை. சுற்றி வந்து முன்னால் நின்று அதையே மறுபடி கேட்டார். பாய் அவருடைய வாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கிட்டாரை மடியில் படுக்க வைத்தார்.

"காது போயிடுச்சு மொதலாளி. இடது சுத்தமா இல்ல. வலதுல பக்கத்துல வந்து கத்தினா ஏதோ வருது. டிரம்ஸுக்குப் பக்கத்துலயே நின்னு நின்னு இப்படி ஆயிடுச்சு."

"மிஷினு வச்சிக்கலாமே?"

"வச்சேன். மேடையில அது கொய்யின்னு கத்துது. அத மாட்டிகினு ஏறினா அடுத்த ப்ரோக்ராமுக்கு வேற ஆளப் போட்டுடுவாங்க. குழுவுல யாருக்கும் தெரியாது மொதலாளி. வெளிய சொல்லிடாதீங்க."

"அப்புறம் எப்படி வாசிக்கிறீங்க?" என்று நான் கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. நிதானமாக, வாயைத் திறந்து மறுபடி கேட்டேன்.

"டிரம்ஸ்காரன் காலப் பாத்துகினு வாசிக்கிறேன் மச்சான். பாட்டெல்லாம் மனப்பாடம். வெரலு தப்பாது. ஆனா நான் வாசிக்கிறது எனக்குக் கேக்கறதில்ல. சம்பளத்துக்கு வெரல ஆட்டிட்டு வர்றேன், அவ்ளோதான். பல்லுல வச்சா மட்டும் கேக்குது. பல்லால கடிச்சுகினே வாசிக்க முடியுமா? வேற எங்கனா கேக்கற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க."

கோதண்டம் "பாக்கலாம்" என்றார். அடுத்த வாரம் வரச் சொல்லவில்லை. என் பக்கம் கையைக் காட்டி, "இத நீ செய்" என்றார். அவர் ஒரு வேலையை முழுசாக என்னிடம் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

எலும்பில்தான் கேட்கிறது என்றால் எந்த எலும்பு என்று தேட வேண்டும். பாயைச் சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொல்லி, ஒரு மரத்துண்டின் ஒரு முனையைக் கிட்டாரிலும் மறுமுனையை அவர் உடம்பிலும் வைத்து, கம்பியைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். தோள்பட்டை, விலா, நடுநெஞ்சு, தாடை. அவர் கண்ணைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கழுத்துக்குக் கீழே, தோளிலிருந்து வரும் காறை எலும்பு நடுநெஞ்சோடு வந்து சேருகிற முடிச்சில் வைத்ததும் ஆள் விறைத்துப்போனார். "அங்கதான், அங்கதான்" என்றார். பிறகு மரம். வேம்பு சத்தத்தை விழுங்கியது. தேக்கில் வந்தது, ஆனால் மேல் கம்பிகள் மட்டும். பழைய வீடு இடித்த இடத்தில் வாங்கி வைத்திருந்த பண்ருட்டிப் பலா ஒன்று பட்டறையில் கிடந்தது. அதில் நாலு கம்பியும் வந்தது.

கிட்டாரின் கழுத்தைத் தனியாகச் செய்து உடம்பில் திருகாமல், தலை முதல் அடி வரை ஒரே பலாக்கட்டையாக ஓடவிட்டேன். அந்தக் கட்டையிலிருந்தே பின்பக்கம் ஒரு நாக்கு மாதிரி வளர்த்து, வாரை மாட்டினால் அது சரியாக அந்த எலும்பு முடிச்சில் போய் உட்காரும்படி வளைத்துச் செதுக்கினேன். ஒட்டு எதுவும் கூடாது. ஒட்டினால் அந்த இடத்தில் சத்தம் செத்துவிடும். முதலில் செய்தது அவருக்குத் தோலை உரித்துவிட்டது. துணி சுற்றினால் சத்தம் வரவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கட்டையில் முதலிலிருந்து ஆரம்பித்தேன். பாய் சிதம்பரத்தில் ஏதோ வேலை இருப்பதுபோல அடிக்கடி வந்து, சட்டையைத் திறந்துகொண்டு நிற்பார். நான் கொஞ்சம் தேய்ப்பேன், வைத்துப் பார்ப்பேன், மறுபடி தேய்ப்பேன். அதற்கு நெஞ்சுக்கட்டை என்று பேர் வைத்தவர் அவர்தான். "மௌத்தாகறதுக்கு முன்னாடியே நெஞ்சுல கட்டைய வச்சிட்டீங்களே மச்சான்" என்று சாவை வைத்துக் கிண்டல் வேறு. பழைய கிட்டாரில் கம்பிச் சத்தத்தைப் பிடித்து ஒயரில் அனுப்பும் பிக்கப்பையும் கம்பி முறுக்கும் கீகளையும் கழற்றிப் புதியதில் போட்டோம். பழையது வெறும் கட்டையாக மூலைக்குப் போயிற்று.

முடித்த அன்று அவர் வாரை மாட்டி, கடைசித் தடிக்கம்பியை ஒரு தட்டு தட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் வாசித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "இவ்ளோ வருசமா எவ்ளோ மட்டமா வாசிச்சிருக்கேன்னு இப்பத்தான் தெரியுது மச்சான்" என்றார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். கோதண்டம் வந்து நெஞ்சுக்கட்டையை முட்டியால் ஒரு தட்டு தட்டிக் கேட்டார். டீ குடிக்கப் போய்விட்டார். அன்று எனக்கு அர்த்தம் தெரிந்திருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷப்பட்ட நாட்கள் கொஞ்சம்தான்.

அந்த வருடம் ஆடி மாதம் முதுநகரில் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அவர்கள் கச்சேரி. "வந்து கேளுங்க மச்சான்" என்று பாய் விடாமல் கூப்பிட்டார். போனேன். தெருமுனையில் மேடை, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள். இருட்ட ஆரம்பித்ததும் பாட்டு தொடங்கியது. பாய் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். எனக்குத் தெரிந்து அவர் டிரம்ஸ்காரனின் காலைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, நெஞ்சுக்குள் எதையோ கேட்டுக்கொண்டு வாசித்தார். நான் பெருமையில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் தெருவுக்கு அடுத்த தெருவில் பள்ளிவாசல். பாங்கு சொல்ல ஆரம்பித்தால் எந்தக் கச்சேரியானாலும் பாட்டைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். முடிந்ததும் பல்லவியிலிருந்து மறுபடி எடுப்பார்கள். யாரும் போட்ட சட்டமில்லை. அந்த ஊரில் அப்படித்தான். அன்றும் நடுப்பாட்டில் பாங்கு கேட்டது. பாடிக்கொண்டிருந்த பெண் நிறுத்தினாள். கீபோர்டு நின்றது. டிரம்ஸ்காரன் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டான். பேஸ் மட்டும் நிற்கவில்லை.

இரண்டு பெட்டிகளிலும் அந்த ஒரு சத்தம்தான். பாங்கின் அடியிலேயே அது போய்க்கொண்டிருந்தது. பாய் கண்ணை மூடிச் சிரித்த முகமாக வாசித்துக்கொண்டிருந்தார். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் கூடத் தேவலை. அத்தனை கூட்டமும் சும்மா பார்த்துக்கொண்டு நின்றது. முன்வரிசையில் யாரோ ஒருவர், "பாய்தானே அவரு?" என்று பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகக் கேட்டது எனக்குக் கேட்டது.

குழுத் தலைவர் ராஜமாணிக்கம் மாஸ்டர் கீபோர்டை விட்டு எழுந்து வந்து, கம்பிகள் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினார். பாய் கண்ணைத் திறந்தார். மாஸ்டரைப் பார்த்தார், டிரம்ஸ்காரன் மடியிலிருந்த குச்சிகளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு பள்ளிவாசல் பக்கம் திரும்பினார். அவருக்குப் புரிந்துவிட்டது. கிட்டாரைக் கழற்றித் தரையில் வைத்தார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, பாங்கு எப்போது முடியும் என்று தெரியாமல், எல்லோருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். முடிந்ததும் மாஸ்டர் தலையசைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு கச்சேரியை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார்.

ஜமாத்துப் பெரியவர்கள், "தெரியாம நடந்ததுப்பா, வுடு" என்று வீட்டுக்கே போய்ச் சொன்னார்களாம். கோயில்காரர்களும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் பாய் அடுத்த கச்சேரிக்குப் போகவில்லை. அதற்கடுத்ததற்கும் போகவில்லை. என் போனுக்கும் பதில் இல்லை. போனில் பேசினால் அவருக்கு எப்படிக் கேட்கும் என்பது கூட எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

ராஜமாணிக்கம் மாஸ்டர் பட்டறைக்கு வந்தார். எதையும் நேராகப் பேசுகிறவர்.

"அவருக்குக் காது கேக்காதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"நல்லா கேட்டீங்க போங்க. இருவது வருசமா கூட நிக்கிறேன், எனக்குத் தெரியாதா? காது போனப்புறமும் டிரம்ஸுக்குப் பக்கத்துலயே, கால் தெரியற மாதிரி அவர யாரு நிக்க வச்சான்னு நெனச்சீங்க? டிரம்ஸ்காரன்கிட்ட, கால நல்லா தூக்கி அடிடான்னு யாரு சொன்னான்னு நெனச்சீங்க?"

"அவருகிட்ட சொல்லலியா?"

"சொன்னா நின்னுடுவாருங்க. அவரு மறைக்கிறாரு, நான் தெரியாத மாதிரி இருந்தேன். வண்டி ஓடிச்சு. பாத்து வாசிக்கிற வரைக்கும் அவரு என் ஆளு. நீங்க செஞ்சு குடுத்ததுல இருந்து அவரு யாரையும் பாக்கறதில்ல. நான் கை காட்டினாத் தெரியல. ரெண்டு கச்சேரியில பாட்டு முடிஞ்சப்புறமும் வாசிச்சாரு, நான் ஏதோ பண்ணி மூடி மறைச்சேன். உங்க மேல தப்பில்ல. வேலை அருமை. அருமையா இருக்கறதுதான் கஷ்டம்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு மனுஷனுக்குக் கேட்க வைத்தது குற்றமா என்று கத்தினேன். அவர் எழுந்து போய்விட்டார்.

சில நாள் கழித்து சாதிக் பாயே வந்தார். முகம் ஒட்டிப் போயிருந்தது. கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்து மேஜைமேல் குப்புற வைத்தார்.

"மாஸ்டர் வீட்டுக்கு வந்தாரு மச்சான். எல்லாம் பேசிட்டோம். வரச் சொல்றாரு. இத எடுத்துடுங்க" என்று நெஞ்சுக்கட்டையைத் தொட்டார்.

"கண்ணத் தொறந்து வச்சிகினு வாசிங்களேன் பாய். இத ஏன் எடுக்கணும்?"

"பாத்துட்டேன். வீட்டுக்காரிய எதுத்தால நிக்க வச்சு, கை காட்டினா நிறுத்தணும்னு வாசிச்சுப் பாத்தேன். இது நெஞ்சுல பட்டுச்சுன்னா கண்ணு தானா மூடிக்குது. அவ கை காட்டி, கத்தி, கடைசியில வந்து உலுக்கறா."

"துணி சுத்திடவா? கேக்காது."

"துணிய நானே அவுத்துடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும். எடுத்துடுங்க. எனக்கு வேற தொழில் தெரியாது. அந்தப் பள்ளியிலதான் மச்சான் நான் ஓதக் கத்துகினேன். இன்னொரு தடவ அப்படி நடந்துச்சுன்னா நான் தாங்க மாட்டேன்."

நான் கோதண்டத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் வந்து நெஞ்சுக்கட்டையைத் தட்டினார். வெகுநேரம் காது வைத்துக் கேட்டார். வெளியே போய்விட்டார்.

"ஒரே ஒரு தடவ வாசிச்சுடுங்க பாய்" என்றேன்.

"வேணாம். வாசிச்சா வெட்ட வுட மாட்டேன்."

மெல்லிய பல் உள்ள ரம்பத்தை எடுத்தேன். பாய் கிட்டாரின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் செய்ததிலேயே நல்ல வேலை அது. அதை நானே அறுத்தேன். பாதி அறுத்தபோது அவர் உள்ளங்கையில் அந்த அதிர்வு தெரிந்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அறுத்த இடத்தை மட்டமாக இழைத்து, தேய்த்து, பாலிஷ் போட்டுக் கொடுத்தேன். வாரை மாட்டி ஒரு கம்பியைத் தட்டிப் பார்த்தார். "ஒண்ணும் தெரியல. சரியா இருக்கு" என்றார். அறுத்த துண்டை நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

மாஸ்டர் சொன்ன சொல் தவறவில்லை. பாய் மறுபடி குழுவில் சேர்ந்து, அதற்கப்புறமும் நிறைய வருடம் வாசித்தார். வீடு நடந்தது, மகளுக்குக் கல்யாணமும் முடிந்தது. சேர்ந்து சில மாதத்தில் கடலூரில் ஒரு கல்யாண வரவேற்பில் அவர் வாசிப்பதாகக் கேள்விப்பட்டு, யாரும் கூப்பிடாமலே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். டிரம்ஸ்காரனின் காலை விட்டுப் பார்வையை எடுக்காமல் நின்றார். மாஸ்டர் கை தூக்கியதும் நிறுத்தினார், கை இறக்கியதும் எடுத்தார். ஒரு இடத்திலும் பிசகவில்லை. பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற கண்டக்டருக்கு எந்த முகமோ அந்த முகம்.

முடிந்ததும் என்னைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படி இருந்துச்சு மச்சான்?"

"நல்லா இருந்துச்சு பாய்" என்றேன்.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது புரிந்துவிட்டது என்று தெரிந்தது. ஆனாலும் கையை விடவில்லை.

"எனக்காகச் சொல்லாதீங்க. நெஜமாச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும்."